அத்தையும் வெள்ளைக்கார ஓவிய அம்மாளும்

எனக்கு ஓட்டை வாய் என்று வீட்டில் பெயர். காலையில் எங்கள் வீட்டில் நடந்தது மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் அப்பா தன் தங்கைக்குக் காவலாக அனுப்பினார். அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் அலோன் படகுத்துறையில் உட்கார்ந்து யாங்கோன் ஆற்றை வரைவாள். வயசுப் பெண் தனியாகப் போகக்கூடாது, ஏழு வயதுப் பெண்ணோடு போகலாம் என்பது அப்பாவின் நியாயம்.

துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் டீச்சரைக் கூப்பிடுவதுபோல அவளை ‘ஸயாமா’ என்று கூப்பிட்டு, நிழலாகப் பார்த்து முக்காலி போட்டுக் கொடுப்பார்கள். அத்தை வரைந்துகொண்டே, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் கதையைச் சொல்வாள். விக்டோரியா ராணி காலத்தில் மலையும் ஆறுமாக வரைந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வாழ்க்கை அது. நீளப் பாவாடை சேற்றில் புரள, குடையும் கையுமாக அலைந்த அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தாகேதாவிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம், அவள் கதையின் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னையும் சொல்லவைத்துத் திருத்தினாள்.

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரிலிருந்த ஆற்றுப் படத்தைப் பார்த்து, “பொழுதுபோக்குக்குச் சரிதான். கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் விட்டுடணும்” என்றார். அப்பா அவசரமாகத் தலையாட்டினார். அத்தை குனிந்த தலை நிமிரவில்லை.

“நீயும் படம் போடுவியா பாப்பா?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டதுதான் தாமதம்.

“வெள்ளைக்கார அம்மாவைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் இப்படித்தான் சொன்னாங்களாம். படம் போடாதன்னு சொல்ற வீட்டுக்கு நான் வரலேன்னு அவங்க சொல்லிட்டாங்க. எம்பது வயசு வரைக்கும் படம் போட்டு சந்தோஷமா இருந்தாங்க.”

மாப்பிள்ளை வீட்டார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். வாயே திறக்காத தங்கையை அப்பா என்ன சொல்ல முடியும்? என்னோடு மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. நான் அழுதேன். அத்தை மிச்சக் கேசரியை எனக்கு வழித்துக் கொடுத்துவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி தட்டுகளைக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஆற்றுக்குப் போனோம். தலை நரைத்துவிட்ட அத்தை இன்றும் போகிறாள், காவல் இல்லாமலே.

ஆங்கிலம் ஓரளவு வந்த பிறகு அந்தப் புத்தகத்தை நானே எடுத்துப் படித்தேன். வெள்ளைக்கார அம்மாளுக்கு முப்பது வயதில் கல்யாணம் நடந்திருக்கிறது. அதன்பிறகு அவர் ஒரு படமும் வரையவில்லை.

அதுவரை, அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்று நினைத்திருந்தேன்.