ஆறு மணி ஆட்டத்துக்கு ஆறு மணிக்குப் புறப்பட்ட கதை

ஒரு கிழமையாகியும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நயாகராவுக்கும் ஆயிரம் தீவுகளுக்கும் வழி கேட்டு இந்தப் பயணப் பக்கத்தைப் படிக்க வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இது மில்லிக்கனிலிருந்து பிறம்ரனுக்குப் போன, நாற்பத்தைந்து கிலோமீற்றர் பயணம். அவ்வளவு தூரத்தைக்கூட எங்கள் ஆட்களால் ஒழுங்காகப் போக முடியவில்லை.

காரணம் அரன், என் அண்ணையின் ஒரே மகன். தாய் லீசா பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர், இங்கே ஆஸ்பத்திரித் தாதி. அந்தத் தாய்வழி உரித்தில்தான் மனிலாவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, கொம்பனிப் பெயர்தான். அரனின் அணி ஒரு நூடில்ஸ் கொம்பனியுடையது. “நூடில்ஸ் விக்கவோ இவனைப் படிப்பிச்சனான்?” என்று அண்ணை முறுகிக்கொண்டு திரிந்தார். சீசன் தொடங்கியதும் ஆள் மாறிவிட்டார். மனிலாவில் இரவு ஏழரை என்றால் இங்கே காலை ஏழரை. தேத்தண்ணிக் கோப்பையில் போனைச் சாத்தி வைத்து ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார்.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. ஒவ்வொரு அணியும் ஒரு வெளிநாட்டுக்காரரை வைத்திருக்கலாம். அந்த ஆளை மாற்றிய பிறகுதான் அணி வெல்லத் தொடங்கியது. அரனுக்கு இது முதல் வருடம், அநேகமாக மாற்றாட்கள் இருக்கும் வாங்கில்தான் இருப்பான். ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகு கடைசி ஒரு நிமிடம் இறக்குவார்கள். மகன் களத்தில் நின்று ஆடுவதை நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அண்ணையின் ஆசை. வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த லீக் சில ஆட்டங்களை வெளிநாட்டில் வைப்பதுண்டு. இந்த முறை பிறம்ரன், ஞாயிறு மாலை ஆறு மணி. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் சீசன் முடிந்தது. ரிக்கற் ஆளுக்கு அறுபத்தைந்து டொலர், பார்க்கிங் இருபது. பதினாலாம் வரிசையில் எங்களுக்கு ஒன்பது இருக்கைகள். லீசா வேலை முடித்து நேரே அங்கே போவதாக ஏற்பாடு.

நாலு மணிக்குப் புறப்படுவதாகத்தான் திட்டம். விட்பியிலிருந்து அண்ணை வீட்டுக்கு வரவேண்டிய சித்தப்பா மகன் கண்ணன் குடும்பம் வந்து சேர்ந்தது நாலே நாற்பதுக்கு, இரண்டு தட்டு மற்றன் றோல்ஸோடு. நான் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். அண்ணை குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்தபடி நின்றார்.

“நாலரைக்கே ராகுகாலம் துடங்கீட்டுது. ஆறுக்குப் பிறகு வெளிக்கிடுவம்.”

“அண்ணை, ரிக்கற்றில ஆறு எண்டு போட்டிருக்கு.”

“ஆறெண்டு போட்டா ஏழுக்குத்தான் துடங்குவினம். நீ எத்தினை அரங்கேற்றத்துக்குப் போயிருக்கிறாய்? பிள்ளையின்ர நல்ல காரியத்துக்கு ராகுகாலத்தில படியிறங்கேலாது.”

கண்ணனும் “அதுவும் சரிதானே” என்றபடி றோல்ஸ் தட்டைத் திறந்தான். இது மண்டபம் எடுத்து நடத்தும் அரங்கேற்றமில்லை, மனிலாவில் விடியக்காலை எழும்பி இருக்கிறவர்களுக்கு நேரலையாகப் போகிற ஆட்டம் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்? எனக்கும் ஒரு றோல்ஸ் நீட்டினார்கள்.

சரியாக ஆறு மணிக்கு வான் நகர்ந்தது. 407 நெடுஞ்சாலையில் ஏறினால் காசு கட்ட வேண்டும் என்று, காசில்லாத 401ஐப் பிடித்தார் அண்ணை. விமான நிலையத்துக்குக் கிட்ட நெரிசல். போனிலாவது பார்க்கலாமென்றால், இங்கே நடக்கிற ஆட்டத்தை இங்கே இருப்பவர்களுக்கு அந்தச் செயலியில் காட்ட மாட்டார்களாம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது இடைவேளை.

லீசா கீழே, அணியின் வாங்குக்குப் பின்னால் வீரர்களின் குடும்பத்தோடு இருந்தார். கையசைத்தேன். ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகனை இறக்கவில்லை என்ற கோபமாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி முழுக்க அரன் துவாயைக் கழுத்தில் போட்டபடி வாங்கில் இருந்தான். புள்ளிகள் முன்னே பின்னே ஓடிக்கொண்டிருந்தன. எனக்கோ ஆட்டத்தில் கண் போகவில்லை, பத்திக்கொண்டு வந்தது. சொந்த ஊருக்குக் கூட்டிவந்து பிள்ளையை இப்படியா உட்கார்த்தி வைப்பது? “உவன் கோச்சுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ?” என்று அண்ணை கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். நூடில்ஸ் அணி மூன்று புள்ளியால் வென்றது. அரங்கமே துள்ளியது, பதினாலாம் வரிசை மட்டும் உம்மென்று இருந்தது.

குடும்பங்களைக் களத்துக்குள் விட்டார்கள். அண்ணை நேரே பயிற்சியாளரிடம் போய், ஏன் என் மகனை இறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் உரத்துக் கேட்டார். அணி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் குழம்பிப்போய், வெகு மரியாதையாகச் சொன்னார்: “சேர், அவன்தானே இன்று முதல் ஐந்து பேரில் ஒருவன். ஐந்து நிமிடம் ஆடினான். முதல் கூடையும் அவன் போட்டதுதான்.”

பிறந்த ஊரில் ஆடுகிறவனைத் தகப்பனின் கண் முன்னால் முதலில் இறக்குவது அவருடைய வழக்கமாம். அடுத்த சுற்று இந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதற்குமேல் புதியவனைக் களத்தில் வைத்திருக்க முடியவில்லை என்றார்.

அரன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“அப்பா, நாஷனல் அன்தம் பாடேக்க மேல பாத்தனான். ஹோல் றோ எம்ப்ரி, ஒருத்தரும் இல்லை. கோச் கேட்டவர், உன்ர அப்பா வந்திட்டாரோ எண்டு. நான் யெஸ் எண்டு சொன்னனான்.”

திரும்பி வரும்போது வானுக்குள் கண்ணன் மிஞ்சிய றோல்ஸை எடுக்கப் போனான், நான் பார்த்த பார்வையில் வைத்துவிட்டான். பயிற்சியாளரைத் திட்டின வாயால் யாரைத் திட்டுவது? எல்லோரையும்தான். ஆறு மணி என்று அச்சடித்ததை ஏழு என்று வாசிக்கிற எங்கள் முழுக் கூட்டத்தையும்.

இப்படியான ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை 401ஐ நம்ப வேண்டாம், காசைப் பார்க்காமல் 407இல் ஏறுங்கள். பார்க்கிங்கிலிருந்து வாசலுக்குப் பத்து நிமிட நடை. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், றோல்ஸ் பொரித்து மினக்கெட வேண்டாம். விட்பிக்காரருக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

அடுத்த சுற்று மனிலாவில். நேற்று அண்ணை விமான ரிக்கற் பார்க்கச் சொன்னார். தோதாகக் கிடைத்தது ஞாயிறு இரவு ஒன்பது மணி விமானம் ஒன்றுதான். வீட்டிலிருந்து ஐந்துக்கு வெளிக்கிட வேண்டிவரும் என்றேன், வேண்டுமென்றே கலண்டரைப் பார்த்துக்கொண்டு.

அண்ணை கலண்டர்ப் பக்கம் திரும்பவில்லை.

“நாலே முக்காலுக்கு வெளிக்கிடுவம்” என்றார்.