பொட்டுத் தடத்திலிருந்து அளந்த புருவம்

"திங்கட்கிழமை, பகல் 11.40. மட்டாஞ்சேரி ஜெட்டி பஸ் நிறுத்தம். இடது புருவம் முழுக்க அழிந்தது. வலது பாதி இருக்கிறது." என் டைரிக் குறிப்பு இது. ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரிக்கலாம். தைராய்டு வந்து புருவ முடி கொட்டிப்போய், பென்சிலால் வரைந்துகொண்டு இந்தக் கொச்சிக் காயல் காற்றில் வேலைக்குப் போய்ப் பாருங்கள், சிரிப்பு வராது. எங்கள் ஊர் தென்காசியில் காலையில் வரைந்தது சாயங்காலம் வரை நிற்கும். அங்கே வியர்வை காய்ந்துவிடும். இங்கே அது காய்வதில்லை, கீழே இறங்குகிறது, கூடவே புருவமும்.

மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகும் ஏலக்காயும் விற்கும் கடை ஒன்றில் பில் போடுகிறேன். புருவமில்லாத முகத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கடைச் சேச்சி முதல் ஆட்டோ ஓட்டும் சேட்டன் வரை கேட்பது ஒன்றுதான்: "வய்யே?" உடம்பு முடியலையா என்று அர்த்தம். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னால் நம்புவதில்லை. மறுநாள் ஒரு பாட்டில் கஷாயம் வந்து நிற்கும். பத்தொன்பது வருஷமாக இருக்கும் ஊரில் நான் நோயாளியாகவே அறியப்படுகிறேன். அந்தக் கேள்வி நிற்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நிரந்தரப் புருவம் வைப்பதற்கு முன் மூன்று வாரம் படித்தேன். வழி இரண்டு. மைக்ரோபிளேடிங் என்பது கைவேலை. பேனா போன்ற பிடியின் நுனியில் ஊசிகளைப் பிளேடு மாதிரி வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். அதைக் கொண்டு தோலில் முடி முடியாகக் கீறி, கீறலில் நிறத்தைத் தேய்ப்பார்கள். மற்றது மெஷின். மோட்டார் ஊசி புள்ளி புள்ளியாகக் குத்தி நிழல் போட்டதுபோல் நிரப்பும். கைவேலை அசல் முடிபோல் இருக்கும், ஆனால் எண்ணெய்ச் சருமத்தில் கோடுகள் கலங்கும். மெஷின் வேலை அதிக நாள் நிற்கும், கொஞ்சம் தவறினால் மை அப்பியதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவு குறித்துக்கொண்டு பள்ளுருத்தியில் பார்லர் நடத்தும் ஜின்சியிடம் போனேன். "மெஷினோ? ஐயோ சேச்சி, வேண்டா! கரி தேச்ச போலே இரிக்கும்" என்றாள். எனக்கு எண்ணெய்ச் சருமமாயிற்றே என்றேன். "பேடிக்கண்டா," பயப்படாதே என்று என் தோளைத் தட்டினாள். தென்காசியிலிருந்து தங்கை செல்வி போனில் கத்தினாள். "கையால கீறுறதெல்லாம் பழசுக்கா. இங்க எல்லாருக்கும் மெஷின்தான். நீ ஏன் அங்க போய்த் தலையக் குடுக்க?"

கொடுத்தேன். ஜின்சி மரத்துப்போகும் களிம்பு தடவி, மையில் தோய்த்த நூலை நெற்றியில் அழுத்தி அளவெடுத்தாள். ஒரு வாரம் புருவத்தில் தண்ணீர் படக்கூடாதாம். மட்டாஞ்சேரியில், அதுவும் மழைக்காலத்தில்! பொருக்கு உதிர்ந்து ஒரு மாதமானதும் நான் பயந்தபடியே கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிச் சாம்பல் நிறமாயின. முகத்தில் வேறேதோ சரியில்லை என்றும் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். செல்வி வாசலிலேயே நிறுத்தினாள். "ஏக்கா, நேரா என்னப் பாரு."

"நேராத்தானே பாக்கேன்?"

"மூஞ்சி என்னப் பாக்கு. புருவம் பக்கத்து வீட்டப் பாக்கு."

மறுநாளே மெஷின்காரப் பெண்ணிடம் இழுத்துப்போனாள். அந்தப் பெண் மூக்கு நுனியிலிருந்து நூல் பிடித்தாள். "உங்க புருவத்துக்கு நடு, மூக்குக்கு நடுவுல இல்லக்கா. ஒரு அரிசி அளவு வலப்பக்கம் தள்ளியிருக்கு."

"சரி பண்ணேன்."

"கூட்டத்தான்க்கா முடியும், குறைக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் கூட்டினா ரெண்டும் நெருங்கிரும். இருக்க கோட்டு மேலயே போறேன்." போனாள். கலங்கல் மறைந்தது, நன்றாகக் கறுத்தது. கோணல் அப்படியே இருந்தது.

அன்றைக்கே, கையோடு கொண்டுவந்திருந்த கொச்சி டைரியைப் புரட்டினேன். ஜின்சி செய்ததை வரி வரியாக எழுதி வைத்திருந்தேன்: "நூலை நெற்றியில் பொட்டுத் தடத்தின் மேல் வைத்தாள்." ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி என் நெற்றியில் வெளுத்துப்போன ஒரு வட்டம் உண்டு. அதுதான் முகத்தின் நடு என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பிளேடா மெஷினா என்று இரண்டு ஊரும் மாதக்கணக்கில் சண்டை போட்டன. எங்கிருந்து அளப்பது என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை படித்த நானும் கேட்கவில்லை.

பொட்டு எப்படி நகர்ந்தது? எங்கள் மட்டாஞ்சேரி வாடகை வீட்டில் வந்த நாள் முதல் ஒரே கண்ணாடிதான். ஜூ டவுனில் வாங்கிய பழைய கண்ணாடி, இடப்பாதி ரசம் போனது. பத்தொன்பது வருஷமாக வலப்பக்கம் ஒதுங்கி நின்று, முகத்தை இடப்பக்கம் திருப்பித்தான் பொட்டு வைக்கிறேன். அப்படித் திருப்பினால் நடு என்று தெரிவது கொஞ்சம் வலப்பக்கம்தான் இருக்கும்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள் "வய்யே?" வரவில்லை. பக்கத்துக் கடைச் சேச்சி என் கறுத்த புருவத்தைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கி வந்தார். "எந்தா, தேஷ்யமாணோ?" கோபமா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அவர் நம்பினார்.

இப்போது கொச்சியில் புருவங்களுக்கு நடுவே பொட்டு வைக்கிறேன். தென்காசி போனால் செல்வி அதை எடுத்து மூக்குக்கு நேராக ஒட்டுகிறாள். திரும்பும் பஸ்ஸில் கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்டியதும் என் கை தானாகப் போய் அதை மறுபடி நகர்த்துகிறது. பொட்டு இங்கே வந்தபின்தான் நகர்ந்ததா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று பார்க்கக் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். கொச்சிக்கு வருமுன் எடுத்த படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். எல்லாப் படத்திலும் நெற்றிச்சுட்டி இறங்கிப் பொட்டை மறைத்திருக்கிறது. ஆகவே இது இன்னும் உறுதியாகவில்லை.