தொடப்பக்கட்டையா, நெல்லுக்கட்டா?

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரும் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பியவர்கள்தான். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவதாக விழிதியூரிலிருந்து வருகிறார்கள் என்றதும், இதுவாவது கைகூட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அந்த வீட்டுப் பையனை மாதா கோயிலில் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்?

சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துத் திரும்பிய என் தாய்மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "சொஜ்ஜிய எவன் ஞாபகம் வச்சுக்குவான் புள்ள? அங்கெல்லாம் விருந்துன்னா ரொட்டியக் குச்சி குச்சியா சுட்டு, உப்புக்கறியச் சுத்தி, பொம்ம மாதிரி நிறுத்துவாங்க" என்றார். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமாவின் மனசில் மட்டும் அது இன்னும் இறங்கவில்லை.

ரொட்டிக்கடையில் சொல்லி மெல்லிய குச்சிகளாகச் சுட்டு வாங்கி வந்தார். வருகிறவர்கள் விவசாயக் குடும்பம், அதனால் நெற்கட்டு செய்வோம் என்றது நான். அந்தப் பெருமையை மாமாவுக்கு விட்டுத்தர மாட்டேன். உப்புக்கண்டத்தைப் பொரித்து, தட்டி, நார் நாராகப் பிரித்தேன். பத்துப் பத்துக் குச்சியாகச் சேர்த்து, நுனியில் கறி நாரைக் கதிராகச் செருகி, நடுவில் வாழைநாரால் கட்டினேன். அடேயப்பா, என்ன அழகு!

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவர்கள் வந்து உட்காருவதற்குள் கதிரெல்லாம் எண்ணெய் கசிந்து தொங்கிவிட்டது. தட்டை நீட்டினேன். பையனின் அம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத் தொடப்பக்கட்டையா குடுக்குறது?"

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"தொடப்பம் இல்லீங்க, நெல்லுக்கட்டு. நல்லாப் பாருங்க."

பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறந்தாலே தப்பு. நானோ எதிர்த்துப் பேசிவிட்டேன். அந்த அம்மா ஒரு கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு குச்சியாக முழுவதையும் தின்றார். கிளம்பும்போது, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார். போச்சு! அன்று முழுக்க மாமாவைக் கண்டபோதெல்லாம் முறைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி. அந்தப் பையன்தான். கையில் காலித் தூக்குச்சட்டி.

"அம்மா அனுப்புனாங்க. அந்தத் தொடப்பம் மிச்சம் இருந்தா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

மிச்சமா? முந்தின நாள் ஆத்திரத்தில் அத்தனையையும் நானே தின்று தீர்த்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல முடியுமா? கதவுக்குப் பின்னால் நின்றபடி வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தொடப்பத்த அடுத்த வீட்டுக்குக் குடுக்குற பழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க."

அவர் தூக்குச்சட்டியைப் படியில் வைத்தார்.

"அடுத்த வீடு எதுங்க? இனிமே ஒங்க வீட்டுக்குத்தானே கேக்குறாங்க."