சீரகத் தண்ணியும் புது இலையும்

நெஞ்சு கரிக்குதென்று மருமகள் சீரகம் வறுக்கிறாள். அந்த வாசனை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளைக்காரன் காலம், வில்லாபுரத்து வீடு. அம்மாவுக்கும் தினமும் நெஞ்சு கரிக்கும். அத்தை சீரகத் தண்ணி வைத்துக் கொடுப்பாள், அதிமதுரம் இடித்துக் கொடுப்பாள். குடித்ததும் அடங்கும். "மருந்துக்குக் கேக்குது" என்பாள் அத்தை. மறுநாள் மறுபடியும் கரிக்கும். பொழுது சாய அப்பா வந்து சாப்பிட்டு எழும்வரை அம்மா பட்டினி கிடந்து, பிறகு அவர் இலையில்தான் சாப்பிடவேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

ஒருநாள் அப்பா வந்தபோது, அம்மா புது இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பதறினாள்.

"கசாயத்தை நீங்க குடிங்க மதினி. சோத்தை நான் திங்கிறேன்" என்றாள் அம்மா.

அதற்குப்பின் அம்மாவுக்குக் கரிக்கவே இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு மருமகளிடம் கேட்டேன்: "நீ சாப்பிட்டியா?"