சௌந்திரத்தின் சுவாஹிலி

"சிமாமா! சிமாமான்னா நில்லு! காது கேக்குதா இல்லியா உனக்கு?"

கறக்க விடாமல் காலை மாற்றி மாற்றி வைக்கும் செவலை மாட்டைத்தான் சௌந்திரம் இப்படி அதட்டுகிறாள். மாடு மல்லசமுத்திரத்து மாடு, தாய்வீட்டுச் சீராக வந்தது. ஆப்பிரிக்கக்காரர்களின் சுவாஹிலியில் 'நில்' என்றால் அதற்கு எப்படிப் புரியும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. "மாட்டுக்கே புரியுது, மனுசனுக்குப் புரியாதாக்கும்!" என்று பதில் வரும். பால் சொம்பைத் துணியால் மூடி வைத்துவிட்டு, ஒற்றைக் காதில் செருகிய இயர்போனில் வரும் குரலோடு சேர்ந்து முணுமுணுத்தபடி சாணி அள்ளப் போய்விடுவாள்.

திருச்செங்கோட்டில் ரிக் லாரிகள் வரிசையாக நின்று வெல்டிங் பொறி பறக்கும் ஒரு தெருவின் கடைசி வீடு அவளுடையது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைத்தான் இங்கே ரிக் என்பார்கள். இந்த ஊர் ரிக் போய்த் துளை போடாத வறண்ட மண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சௌந்திரத்தின் கணவர் ரமேஷ்குமாரின் ரிக் தான்சானியாவில் ஓடுகிறது. அவரும் இந்தப் பக்கத்து ஆட்கள் சிலரும் அங்கே. இவளும் கல்லூரி முடித்த மகன் மோகன்குமாரும் செவலையும் இங்கே.

சுவாஹிலி அவளைப் பிடித்த கதையை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். "ஒரு நாள் எங்கூட்டுக்காரரு வீடியோல பேசறாரு. பின்னால ஒரு பொம்பள சட்டியக் கிண்டீட்டு நிக்கறா. என்னத்த அள்ளிப் போடறான்னு எட்டி எட்டிப் பாக்கறேன், தெரியல. கேக்கலாம்னா பாஷை இல்ல. எம்புருசனுக்கு ஆக்கிப் போடறவகிட்ட ஒரு வார்த்தை பேச முடியலீன்னா அப்பறம் நானென்ன பொம்பள?"

அந்தச் சமையல்காரியின் பெயர் ஹலிமா. மோகன்குமார் உடனே அம்மா போனில் மொழிபெயர்ப்புச் செயலியை ஏற்றிக் கொடுத்து, ஹலிமா போனில் அப்பாவை ஏற்ற வைத்தான். இவள் தமிழில் சொல்ல, போன் சுவாஹிலியில் சொல்லும். அவள் சுவாஹிலியில் சொல்ல, போன் தமிழில் சொல்லும். நன்றாகத்தான் வேலை செய்தது. சௌந்திரத்துக்குத்தான் ஒட்டவில்லை. "அவ சிரிக்கறா. போனு ரோசன பண்ணுது. அப்பறம் அது சொல்லி நான் சிரிக்கறேன். கருமாதி முடிஞ்ச பொறகு எழவு கேக்கப் போன மாதிரி இருக்குது சாமி" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஹலிமாவிடமே பாடம். அவள் அனுப்பும் குரல் பதிவுகளை ஒலிபெருக்கியில் போட்டு, தெருவே கேட்கத் திருப்பிச் சொல்வாள். தப்பாய்ச் சொன்னால் ஹலிமா அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் தெருவே கேட்கும்.

அந்த நாட்டில் ஒரு தாயைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'மாமா' என்பார்களாம். ஹலிமாவுக்கு இவள் 'மாமா மோகன்'. முதல் நாள் இதைக் கேட்ட பக்கத்து வீட்டு ஷாஹீனுக்குப் புரையேறிவிட்டது. ஷாஹீன் வீட்டில் ரிக்குக்கு ஹோஸ் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். கேலி செய்ய முதல் ஆள் அவள்தான். காது கொடுத்துக் கேட்கவும் முதல் ஆள் அவள்தான். "அக்கா, கிதாபுன்னா புஸ்தகம்னு நீங்க சொல்றது எங்க அரபில இருக்குதே! நாங்க ஓதத்தான் ஓதறோம், ஒருத்தர்கிட்டப் பேசுனதில்லையே" என்று ஒரு நாள் வியந்தாள். "பேசோணும் ஷாஹீனு. வாய் எதுக்குக் குடுத்திருக்குது?" என்றாள் சௌந்திரம், பள்ளிக்கூடமே நடத்துகிறவளைப் போல.

அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்டால் போதும், சுவாஹிலியில் நாலு வார்த்தை எடுத்து விடுவாள். கேட்காவிட்டாலும் போதும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி ஈரோடு போய்ச் சேர்வதற்குள் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்கக் கற்றுக்கொண்டு இறங்குவாள். "நெம்பப் பீத்திக்கறா" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்தது. "பீத்திக்கறதுக்கு எங்கிட்ட இருக்குது, பீத்திக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

கணவருக்குத்தான் இதெல்லாம் வெட்டி வேலை. "ஏம்புள்ள, எல்லாத்தையும் போனே பேசுது. நீ மாட்டப் பாரு" என்பார். "பேசுமுங்க. உருளைக்கிழங்கு வாங்கவும் டீசல் கேக்கவும் உங்களுக்கு அது போதும். ஆனா வார்த்தை சொல்லுமே ஒழிய, மொகம் குடுக்குமா?" என்பாள் இவள். இந்த வழக்கு அப்படியே கிடந்தது, போன ஆடி மாதம் வரைக்கும்.

ஆடியில் ரிக் சிங்கிடா பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனது. பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் துளை. ஹலிமா மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். உள்ளூர் ஓட்டுநர் டீசல் பிடிக்க டவுனுக்குப் போயிருந்தார். காலையில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி ரிக்கைச் சுற்றி நாலு மூலையிலும் வைத்தார்கள். பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, திருஷ்டி சுற்றி, பள்ளிக்கூட வாசலில் ஓங்கிப் போட்டு உடைத்தார்கள். திருச்செங்கோட்டில் இது செய்யாமல் ஒரு ரிக் கிளம்பாது.

அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? முன்பின் தெரியாதவர்கள் வந்து, பிள்ளைகள் நடமாடும் வாசலில், மண்டை உடைந்த மாதிரி சிவப்பாய் எதையோ சிதறடித்திருக்கிறார்கள். செய்வினை! பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் கூடிவிட்டார்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை உருட்டிப் போட்டார்கள். ரிக் துளையும் போடக் கூடாது, ஊரை விட்டும் போகக் கூடாது.

ரமேஷ்குமார் போனை நீட்டினார். 'கெட்ட பார்வை விலகப் பலி கொடுத்தோம்' என்று தமிழில் சொன்னார். போன் அதைச் சுத்தமான சுவாஹிலியில் சொன்னது. ஒரு வார்த்தை தப்பில்லை. பலி என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் இன்னும் கொதித்தது. யாரோ கல்லை எடுத்தார்கள். நம் ஆட்கள் லாரிக்கு அடியில் பதுங்கினார்கள். மறுபடி மறுபடி போனை நீட்டிய ரமேஷ்குமாரின் கையை ஊர்ப் பெரியவர் ஒமாரி தட்டிவிட்டார். அப்போதுதான் ரமேஷ்குமார் தம் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டார். "புள்ள... புள்ள..." என்று திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னார்.

இங்கே உச்சிப் பொழுது. சௌந்திரம் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தீவனம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கதி புரிந்ததும் அரிவாளைக் கீழே போட்டாள். ஹலிமாவோடு விளையாட்டாய்ப் பேசியதெல்லாம் ஒரு பேச்சா? இன்று வாய் குழறினால் புருஷன் தலையல்லவா போகும்? மோகன்குமார் ஓடி வந்தான். "அம்மா, நீ தமிழ்ல சொல்லு. நான் போட்டு விடறேன், கரெக்டாப் போகும்."

"கரெக்டாப் போயித்தான் சாமி இந்தக் கூத்து. தள்ளு."

தள்ளினாளே ஒழிய உடனே பேசவில்லை. "சித்த இருங்க, வாரேன்" என்று உள்ளே போனாள். பெரிய மனிதரிடம் நைட்டியோடு நின்று பேசுவாளா சௌந்திரம்? மகன் பதறப் பதற, கல்யாணங்களுக்குக் கட்டும் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள். போனைப் பெரியவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஷிகமோ."

பெரியவர்களைக் கண்டால் அங்கே சொல்லும் வணக்கம் அது. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பொருளாம். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லாமல் விடுவது பெரியவருக்கு அழகில்லை. ஒமாரி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, "மரஹாபா" என்றார்.

அவள் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடுகள் எப்படி, மழை உண்டா என்று வரிசையாக விசாரித்தாள். உறம்பரை என்று விருந்தாளி வந்தால் இங்கே கேட்பதும் அதேதானே! மழை இல்லை என்றார் அவர். எங்கள் ஊரிலும் அப்படித்தான், அதனால்தான் துளை போட்டுப் பிழைக்க வந்தோம் என்றாள் இவள். மாட்டைச் சொல்லும்போது ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தி சிரித்துவிட்டு அதைத் திருத்தினாள். சௌந்திரம் திருத்தியபடி திரும்பச் சொன்னாள். அடுத்த தப்புக்கு நாலு பேர் முந்திக்கொண்டு திருத்தினார்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஒரு வாலிபன் வார்த்தையை நீட்டி நீட்டிச் சொன்னான். அவன் கையில் இருந்த கல் எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பிறகுதான் அவள் போனைத் தூக்கித் தன் வீட்டு நிலைவாசலைக் காட்டினாள். அங்கே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. அவளுடைய அரைகுறைச் சுவாஹிலியில் அவள் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "இது என் வீடு. இது என் எலுமிச்சை. என் பிள்ளை மோகன் மேல் கெட்ட கண் விழக் கூடாது, அதற்கு இது. என் புருஷன் இதையே உங்களுக்கும் வைத்தார். கேட்காமல் வைத்தார். அது தப்பு. என் வாசலில் யாரோ வைத்தால் நானும் அடிக்கத்தான் வருவேன். சமஹானி, ம்ஸே. சமஹானி சானா."

பெரியவரே, மன்னியுங்கள் என்று கேட்கும் சொல் அது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் யாரும் திருத்த இடமில்லாமல் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒமாரி தொங்கிய எலுமிச்சையைத் திரையில் குனிந்து பார்த்தார். பிறகு, "நீங்களும் கண்ணுக்குப் பயப்படுகிறீர்களா?" என்றார். "நெம்ப!" என்று தமிழிலேயே வந்துவிட்டது அவளுக்கு. தலையை ஆட்டிய ஆட்டத்தில் அர்த்தம் புரிந்து, கூட்டமே சிரித்தது.

பழத்தையும் பூசணியையும் வைத்தவன்தான் எடுக்க வேண்டும் என்றார் பெரியவர். ரமேஷ்குமார் தயங்கினார். திருஷ்டி கழித்ததைத் திரும்பக் கையால் தொடுவதா? நம் ஊரில் அதைத் தாண்டக்கூட மாட்டார்களே! "எடுங்க" என்றாள் சௌந்திரம். "கழிச்ச கண்ணு திரும்ப வந்தா எம்மேல வரட்டும். எடுங்கன்னா எடுங்க." அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பள்ளிக்கூட வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். ஒமாரி தம் வழக்கப்படி அந்த இடத்தில் கையேந்தி வேண்டினார். மரக்கட்டைகளை உருட்டிப் போட்டவர்களே அவற்றை உருட்டி விட்டார்கள்.

அன்றைக்கு அவள் சேலையை அவிழ்க்கவில்லை. சோறு இறங்கவில்லை. மண்தான் வருகிறது, பாறைத்தூள்தான் வருகிறது என்று கணவர் போனில் சொல்லும்போதெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தண்ணீர் வராமல் போனால் பழத்தின் மேல்தானே பழி விழும்? பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. திரையில் கணவர் இல்லை, ஒமாரி. 'மாமா மோகன்' என்று கூப்பிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிக்கை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். சுற்றிலும் பிள்ளைகள் "மாஜி! மாஜி!" என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். தண்ணீர், தண்ணீர் என்று அதற்குப் பொருள். கம்ப்ரசர் உறும, துளையிலிருந்து செந்தண்ணீர் பனை உயரத்துக்குச் சீறி எழுந்து, கூட்டத்தின் மேலும் போனின் மேலும் சடசடவென்று கொட்டியது.

"மாஜி! மாஜி!" என்று திருச்செங்கோட்டுத் தெருவே அதிரக் கூவிக்கொண்டு, சௌந்திரம் நனைந்துவிடாமல் சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.