வர்றேன்னு சொல்லக் கூடாத வீடு

போன உள்ளாட்சித் தேர்தல் சமயம், காரிமங்கலம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதினோரு வயதில் கலவைக்குத் தண்ணீர் சுமந்தேன். ஒரே ஒரு கை மெஷினை வைத்துக்கொண்டு ஹாலோ பிளாக் கல் அறுக்க ஆரம்பித்தேன். ஏழு இடத்தில் போர் போட்டும் புழுதிதான் வந்தது. ஊரே கைகொட்டிச் சிரித்தபோது எட்டாவது போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இன்றைக்குச் சொந்தமாக மூன்று லாரி ஓடுகிறது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் நான் கொடுத்த கல். எங்கள் ஊரில் நிற்கிற சுவர்களில் பாதி என் கல். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அந்தத் தடவை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். என் மனைவியை நிற்கச் சொன்னேன். "நீங்க பேசறத வூட்ல கேக்கறது பத்தாதா? தெருத்தெருவா வந்து வேற கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அதனால் மருமகளை நிறுத்தினோம். பி.காம் படித்தவள். அதிகம் பேசமாட்டாள். அதனால் என்ன, பேசத்தான் நான் இருக்கிறேனே!

மார்கழிக் குளிரில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம். எங்களுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. ஒவ்வொரு வீட்டிலும் நான் முன்னால் நிற்பேன், மருமகள் பின்னால் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்பாள். என் கதையைச் சொல்வேன், அவர்கள் வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டுவேன், கடைசியில் இரண்டு கையையும் குவித்து, "போய்ட்டு வர்றேனுங்க, மறந்துடாதீங்க, பூட்டு சாவி!" என்பேன். ஒரு நாளைக்கு நூறு வாசலாவது இருக்கும். தூக்கத்திலும் இதையே சொல்வதாக மனைவி சொன்னாள்.

எங்களை எதிர்த்து நின்றது ரைஸ்மில்காரர் வீட்டம்மா. மற்ற தெருக்களில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று தெரிந்துபோயிற்று. மிச்சம் இருந்தது ஏரிக்கரைத் தெரு. அறுபது ஓட்டு. அந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் தலைவர் நாற்காலி.

நாங்கள் அந்தத் தெருவுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு, அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல மனிதர். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசி, நடந்து காட்டுவார். அவர் டீக்கடையில் உட்கார்ந்தால் கடையே சிரிக்கும். என்னைப் போலவும் செய்வார் என்று கேள்வி. என் முன்னால் செய்ததில்லை.

சாவு வீட்டில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரு முனையிலேயே எல்லோரிடமும் சொன்னேன். "அங்க நோட்டீஸ் குடுக்காதீங்க. துக்கம் விசாரிக்கறோம், கெளம்பறோம்." அப்படியே உள்ளே போனேன். இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினேன். அவரைப் பறிகொடுத்த அந்த வீட்டு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கதையைச் சொல்லவில்லை. சுவரையும் தட்டவில்லை. இவ்வளவு அடக்கமாக நான் எங்குமே இருந்ததில்லை. எழுந்து வாசல் வரைக்கும் வந்தேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வர்றேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்தைக் கூப்பிட்டது போல. வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

வாசற்படியைப் பார்த்ததும் என் கை தானாகக் குவிந்தது. "போய்ட்டு வர்றேனுங்க, மறந்துடாதீங்க, பூட்டு சாவி!"

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். ரைஸ்மில்காரர் ஆள் ஒருவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான். "பெரியவரே, எங்க வூட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. எங்க ஆயா இன்னுங் கொஞ்ச நாள் இருக்கட்டுங்க!" கடை முழுக்கச் சிரிப்பு. ஏழு போர் பொய்த்தபோது வராத கூச்சம் அன்றைக்கு வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராகப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று செருப்பை மாட்டினேன். மருமகள் குறுக்கே நின்றாள். "வேண்டாங்க மாமா. நீங்க திரும்பப் போனா வர்றேன்னு சொன்னது நெசமாயிடும்." காரியம் முடிந்த பிறகுதான் போக முடியும். காரியம் பதினாறாம் நாள். தேர்தல் அதற்கு முன்பே. போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு. இப்படி ஒரு இக்கட்டில் யாராவது மாட்டியிருப்பார்களா?

"நீங்க பட்டறையிலயே இருங்க மாமா, நான் போறேன்" என்று அவள் மட்டும் போனாள். நான் கல் அறுக்கிற இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தாள்.

"ஓட்டுக் கேட்டியாம்மா?"

"இல்லீங்க மாமா."

"அப்புறம் இவ்ளோ நேரம் என்னதான் பண்ணுன?"

"அந்தத் தெருப் பொம்பளைங்களோட ஒக்காந்து அவரக்காய் உரிச்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னாள். அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததுமே அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாராம். அழுகிறார் என்று இவள் பயந்துபோயிருக்கிறாள். பார்த்தால் சிரிப்பு! "கண்ணு, அவரு போனதுலருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. உங்க மாமனாரு வாசல்ல நின்னு பூட்டு சாவின்னாரு பாரு, எல்லாரும் போனதும் சிரிச்சேன். எம் புருசன் இருந்திருந்தா பத்து நாளைக்கு இதையே நடிச்சுக் காட்டியிருப்பாரு. அத நெனச்சுச் சிரிச்சுட்டே அழுதேன். அப்புறந்தான் கஞ்சி குடிச்சேன்." அதற்குப் பிறகு தெருப் பெண்கள் தண்ணீர் வராத குழாயைப் பற்றியும் எரியாத விளக்கைப் பற்றியும் பேச, மருமகள் காய் உரித்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி, சாலையோரமாக நின்றுகொண்டிருந்தேன். ஏரிக்கரைத் தெருப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நடுவில் அந்த அம்மா! துக்கம் கழியாத வீட்டிலிருந்து வருவார் என்று யார் நினைத்தார்கள்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் எதிரில் வந்ததும் நின்றார்.

"என்னங்க, வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க, ஆளையே காணோம்?"

கூட வந்த பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. கையை மட்டும் குவித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினோரு ஓட்டில் ஜெயித்தோம். மருமகள் தலைவரான அடுத்த மாதமே அந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? மாமனார் வாயால் போன ஓட்டை மருமகள் வாய் திறக்காமலே மீட்டாள் என்கிறார்கள். அவள் கெட்டிக்காரிதான், நான் இல்லை என்றா சொல்கிறேன்? பேசிப் பேசியே ஆளானவன் நான். பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்று. மூன்று நாள் பட்டினியாகக் கிடந்த ஒரு பெண்பிள்ளையைச் சிரிக்க வைத்துக் கஞ்சி குடிக்க வைத்தது என் வாய். நான் கட்டியது எதையும் விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே, அந்த வெற்றியைப் பற்றி இனி யார் பேசினாலும் என் பங்கையும் சேர்த்தே பேச வேண்டும்.