தேசிங்கு பேருக்கு ஒரு கல்லு

"...ஹார்பர்ல கிரேன் ஓட்டுன காலம் பூரா ஏத்துனது, எறக்குனது அல்லாமே அடுத்தவன் பேரு போட்ட பொட்டிங்கதான் சார். எம்பேரு போட்டுகினு வந்த மொத சாமான் இதான். இத்தப் போயி எங்க நடுறானுங்க பாரு சார்!"

சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னைக் கூட்டிப்போனார் தேசிங்கு. எர்ணாவூரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். ரிட்டயர் ஆகியும் குரல் மட்டும் இன்னும் கிரேன் உயரத்திலேயே இருக்கிறது.

அவர் தெருமுனையில் ஒரு கருங்கல் பலகை சாய்த்து வைத்திருந்தது. கண்ணாடி மாதிரி பாலிஷ். 'மண்ணும் நீரும் காத்த பொதுநலத் தொண்டர் திரு. தேசிங்கு அவர்களுக்கு வார்டு மக்களின் நன்றி' என்று பொன்னெழுத்து.

ஜோரான வாசகம்தான். இதில் என்ன வருத்தம்?

பக்கத்திலேயே தரையில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டிருந்தார்கள். கல் நிற்பதற்குச் சிமென்ட் மேடை கட்டப் போகிறார்களாம். எந்தக் குழியை வெட்டியதற்காக அவருக்குப் பாராட்டோ... அதே குழியின் மேல்!

குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை வந்தால் அந்த முனையில் முழங்கால் தண்ணீர். மழை போனால் அடிபம்பில் கடல் தண்ணீர். தேசிங்கு தெருவையே அதட்டி, கெஞ்சி, அங்கே ஒரு உறிஞ்சு குழி வெட்ட வைத்தார். உள்ளே சிமென்ட் உறை, அடியில் ஜல்லி, அதன்மேல் மணல். தெருவில் தேங்கிய மழை மண்ணுக்குள் இறங்கியது. பம்புத் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தில் உப்புப் பூப்பதும் குறைந்தது.

வெட்டியதைவிடப் பெரிய வேலை, காவல். பைக் நிறுத்தினால் சண்டை. சோப்புத் தண்ணீர் கொட்டினால் மகா சண்டை. "இன்னாம்மா, உன் வூட்டு பாத்ரூமா இது? கலீஜ் பண்ணாத!"

வார்டு ஆபீஸ் இன்ஜினீயரிடம் போனோம். தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். "என்ன சார் பண்றது? அந்தத் தெருவுல காலியா இருக்கிறது அந்த ஒரு இடம்தானே?"

ஏன் காலியாக இருக்கிறது? தேசிங்கு சண்டை போட்டுக் காலியாக வைத்திருக்கிறார்!

இன்ஜினீயரை மட்டும் சொல்லி என்ன பயன்? நாம் எல்லோருமே இப்படித்தான். மரம் வளர்த்தவருக்கு விழா என்றால், பந்தலுக்கு இடைஞ்சல் என்று அவர் வளர்த்த மரத்தின் கிளையைத்தான் முதலில் வெட்டுவோம். நல்ல வாத்தியாருக்குப் பாராட்டு என்றால், அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

"வேற இடம் காட்டுங்க, மாத்திடலாம்" என்றார் இன்ஜினீயர். "சாயந்தரம் கவுன்சிலரம்மா வர்றாங்க. இடம் இல்லன்னா கல்லு கோடவுனுக்குப் போயிடும்."

"கோடவுனுக்குப் போன சரக்கு எப்ப சார் திரும்பி வந்துகீது?" என்று என் காதில் முனகினார் தேசிங்கு. ஹார்பர்காரர். தெரியாமலா சொல்வார்?

இருந்த வேறு இடம் ஒன்றே ஒன்று. குழிக்கு எதிரே, அண்ணாச்சி மளிகைக்கடையின் பக்கச்சுவர். சுவரில் கல்லைப் பதித்துவிட்டால் மேடையே வேண்டாம். ஆனால் அண்ணாச்சிக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழி மேல் மூட்டை இறக்கினார் என்று ஒருநாள் தகராறு. வாய் முற்றி, "உன் தொவரம்பருப்புல பாதி கல்லுதான்யா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டார் தேசிங்கு. அன்றிலிருந்து அந்தக் கடையில் தீப்பெட்டிகூட வாங்குவதில்லை.

வேறு வழி? போனோம். தேசிங்கு தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி... அந்தச் சொவுத்துல கொஞ்சம் எடம்..."

அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் வே, அன்னைக்கு என் பருப்புல கல்லுன்னீரு. இன்னைக்கு என் சுவத்துல கல்லு கேக்குதீரா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேசிங்கு முறைத்தார்.

"வாடகை ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "தெருவுல நின்னு சொன்னதைத் தெருவுல நின்னே மாத்திச் சொல்லும். சாயந்தரம் மைக்கு தருவாங்கல்லா? அண்ணாச்சி கடைப் பருப்பு நல்ல பருப்புன்னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் கல்லைப் பதிச்சுக்கிடும்."

வெளியே வந்ததும் தேசிங்கு குமுறினார். "நெஜமாவே கல்லு கீது சார்! எம்பேருக்கோசரம் மைக்ல பொய் சொல்ல சொல்றியா?"

"அப்போ குழி மேலயே நட்டுடட்டுமா?"

"பேஜாரு சார்! மொத மழைக்கே தண்ணி நேரா வூட்டுக்குள்ள வந்து எனக்கு மால போடும்."

சாயந்தரம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக்செட், கவுன்சிலரம்மா, பொன்னாடை, எல்லாம் ஆயிற்று. கொத்தனார் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு குழிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். "எந்தாண்ட நைனா?" என்று கண்ணாலேயே கேட்டார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து, கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டார்.

மைக் தேசிங்கு கைக்கு வந்தது.

"அல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சி கடையில... சக்கர நல்லா கீது."

அண்ணாச்சி அசையவில்லை.

"சோப்பு நல்லா கீது. தீப்பெட்டி ஒரே கிழியில பத்திக்கினு எரியுதுன்னு சொல்றாங்கோ."

கவுன்சிலரம்மா இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் வானத்தைப் பார்த்தார்.

"பருப்பு..." தேசிங்கு நிறுத்தினார். மைக் மட்டும் கீச்சென்று கத்தியது. தெருவே காத்திருந்தது. "இன்னிலேந்து எங்க வூட்டுக்குப் பருப்பு, அண்ணாச்சி கடையிலதான்!"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். நல்ல பருப்பு என்று சொல்லவில்லைதான். ஆனால் கைவிட்டுப் போன வாடிக்கை... மைக்கில், கவுன்சிலர் முன்னால் திரும்பி வருகிறதே! கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். ஒரே கைதட்டல்.

பதித்த கல்லின் கலவை காயவில்லை. தேசிங்கு பொன்னாடையோடு நேராகக் கடைக்குப் போனார். அரை கிலோ துவரம்பருப்பு வாங்கினார். கடைப் படியிலேயே குந்தினார். பொன்னாடையை மடியில் விரித்து, பருப்பை அதில் கொட்டி, அண்ணாச்சி பார்க்கப் பார்க்கக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.